கடல்ல, படகுல நடக்குற பேய்ப் படங்கள் ஏன் பாதியிலயே விட்டுருது?

தண்டையார்பேட்டை_டாக்கீஸ்:

எல்லாருக்கும் வணக்கம். நேத்து நைட்டு 'மேரி' பாத்தேன், 2019ல வந்தது, கேரி ஓல்ட்மேனும் எமிலி மார்ட்டிமரும் நடிச்சது. கதையைக் கேட்டாலே உக்காந்து பாக்கத் தோணும், அடுத்தவங்க படகுலயே காலம் பூரா வேலை பாத்த ஒரு மனுஷன் சொந்தமா ஒண்ணு வேணும்னு ஏலத்துல ஒரு பழைய பாய்மரப் படகை எடுக்குறாரு, முன்னாடி மூக்குல ஒரு பொம்பள சிலை, படகு பேரும் அவரோட சின்னப் பொண்ணு பேரும் ஒண்ணு, ரிப்பேர் பண்ணி குடும்பத்தோட கடலுக்குக் கிளம்புறாங்க, அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா மாற ஆரம்பிக்கிறாங்க. இவ்ளோ நல்ல மேட்டர் கையில இருந்தும் ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத படம் எனக்கு நீளமா இருந்துச்சு. ஆரம்பத்துலயே அம்மாவை விசாரணை ரூம்ல உக்கார வச்சு நடந்ததைச் சொல்ல வச்சுட்டாங்க, அப்ப அவங்க தப்பிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சு போச்சுல்ல. பேய் வர்ற சீன் எல்லாத்தையும் கொடைக்கானல் பங்களால எடுத்திருந்தாலும் அப்படியேதான் இருந்திருக்கும், கதவு, இருட்டு, டக்குனு ஒரு மூஞ்சி, டமால்னு ஒரு சவுண்டு. சுத்தி அவ்ளோ தண்ணி இருக்கு, அது எதுக்குமே உபயோகப்படல.

நம்ம ஊர்ல 2025 மார்ச்ல 'கிங்ஸ்டன்' வந்தப்ப தியேட்டர்ல போய்ப் பாத்தேன். தூத்துக்குடிப் பக்கம் சாபம் பட்ட கடல், மீன் பிடிக்கப் போக முடியாத ஊரு, ஜி.வி.பிரகாஷ் படகு எடுத்துட்டு உள்ள போறாரு. தமிழ்ல இப்படி ஒரு களத்தைத் தொட்டதுக்கே எனக்கு சந்தோஷம், படகு கடலுக்குள்ள போனப்புறம் வர்ற சில நிமிஷம் நல்லாவே பிடிச்சுது. ஆனா முன்கதை மேல முன்கதை சொல்லி நம்மளைத் திரும்பத் திரும்பக் கரைக்குக் கூட்டிட்டு வந்துடுறாங்க, அந்த இறுக்கம் போயிடுது.

நான் கேக்குறதுக்குக் காரணம் இருக்கு. நானும் ஃப்ரெண்ட்ஸும் சேந்து காசிமேட்டு லாஞ்சு (மீன் பிடிக்கிற விசைப்படகு) ஒண்ணுல நடக்குற மாதிரி ஒரு குறும்படம் எழுதிட்டு இருக்கோம், ஒரே ராத்திரி, ஒரே படகு. எழுத எழுத அதுவும் வீட்டுப் பேய்க் கதை மாதிரியே ஆகுது. படகுல நடந்தா மட்டும்தான் பயம் வரும்ங்கிற விஷயம் என்னென்ன? அப்படி எடுத்த நல்ல படம் இருந்தாலும் சொல்லுங்க.


மயிலாப்பூர்_மிட்நைட்_ஷோ:

ப்ரோ முதல்ல 'ட்ரையாங்கிள்' பாருங்க, 2009, கிறிஸ்டோபர் ஸ்மித் டைரக்ஷன், மெலிசா ஜார்ஜ் பின்னியிருப்பாங்க. ஒரு சின்னப் பாய்ப்படகுல நண்பர்கள் கூட்டம் கிளம்புது, புயல்ல படகு கவுந்துடுது, அந்த நேரம் பாத்து ஒரு பெரிய பழைய கப்பல் வருது, ஏறிப் பாத்தா ஒருத்தரும் இல்ல. இதுக்கு மேல ஒரு வரி சொன்னாலும் உங்களுக்குக் கெட்டுப் போயிடும், கப்பல் பேரை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. பட்டப்பகல்ல, வெயில் அடிக்கிற டெக்குல பயம் காட்டியிருக்காங்க, அது சாதாரண வேலை கிடையாது. 'கோஸ்ட் ஷிப்' 2002ல வந்தது, முதல் சில நிமிஷம் அந்த டான்ஸ் ஃப்ளோர் சீன் மட்டும் பாத்தா போதும், அப்புறம் நீங்க சொன்ன அதே பங்களா டெக்னிக்தான்.

ஆனா என்னைக் கேட்டா கடல் பேய்க் கதைல இன்னி வரைக்கும் தாண்ட முடியாதது ஒண்ணே ஒண்ணுதான், 1897ல வந்த டிராகுலா நாவல்ல நடுவுல வர்ற டெமெட்டர் கப்பலோட கேப்டன் டைரி. பல்கேரியாவோட வார்னா துறைமுகத்துலேர்ந்து இங்கிலாந்துல இருக்குற விட்பிக்கு மண்ணு நிரப்பின பெட்டிங்களை ஏத்திட்டு வர்ற பாய்மரக் கப்பல், கேப்டனையும் சேத்து மொத்தம் ஒன்பது பேர். அவரு பாட்டுக்குக் காத்து எப்படி, பாய் எப்படின்னு எழுதிட்டே வர்றாரு, நடுவுல ராத்திரி காவலுக்குப் போனவன் திரும்பி வரலன்னு ஒரு வரி. அப்புறம் இன்னொருத்தன். வேலை செய்ய ஆள் குறையுது, மிச்சம் இருக்குறவனுக்குத் தூக்கம் கிடையாது, பாயை இறக்கவே கை பத்தல. கடைசியில கரை ஒதுங்குறப்போ கேப்டன் சுக்கான் சக்கரத்துல தன் கையைக் கட்டிக்கிட்டு பொணமா நிக்கிறாரு. கவனிச்சீங்கன்னா அந்த டைரி முழுக்க அந்த ஜந்து சரியாத் தெரியவே தெரியாது. 1885ல டிமிட்ரின்னு ஒரு ரஷ்யக் கப்பல் நிஜமாவே விட்பில தரை தட்டுச்சு, நாவலை எழுதின பிராம் ஸ்டோக்கர் அங்க தங்கினப்போ கேள்விப்பட்டு எடுத்தது இது. 2023ல இதை மட்டும் தனிப் படமா எடுத்தாங்க, 'தி லாஸ்ட் வாயேஜ் ஆஃப் தி டெமெட்டர்'. செட்டு, மழை, மரக்கப்பல் எல்லாம் அருமை. ஜந்துவைக் கிட்டக்க வச்சுக் காட்டினதுதான் அந்தப் படத்தைக் கெடுத்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

உங்க குறும்படத்துக்குப் படத்தை விட அந்த டைரியைப் படிங்க. வேலை செய்யுற ஆளு ஒவ்வொருத்தராக் குறையக் குறைய கப்பலே ஓடாதுங்கிறதுதான் அங்க பயம், பங்களாவுல யாராவது செத்தா பங்களா மூழ்காது.


துறைமுகத்துப்_பொண்ணு:

தம்பி, எங்க அப்பா லாஞ்சு டிரைவரா இருந்தவரு, அண்ணன் இன்னும் தங்கல் (நாள் கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிக்கிறது) போறான், அதனால படகு பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். சினிமால காட்டுற படகுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

லாஞ்சுல எஞ்சின் சவுண்டு நிக்கவே நிக்காது. பேசணும்னா கத்தித்தான் பேசணும், தூங்குறவன் காதுலயும் அது ஓடிக்கிட்டேதான் இருக்கும். அந்த சவுண்டு மாறினா தூக்கத்துலயே முழிச்சுக்குவாங்க. வலை எங்கயாவது பாறையிலயோ பழைய கப்பல் ஒடசல்லயோ மாட்டிச்சுன்னா எஞ்சின் முக்க ஆரம்பிக்கும், அந்த முக்கல்லயே அப்பா ஓடி வந்து கியரைத் தள்ளிடுவாராம். எஞ்சின் சுத்தமா நின்னுட்டா படகு தானாத் திரும்பி அலைக்குப் பக்கவாட்டுல நின்னுக்கும், உருண்டு உருண்டு ஆடும், பாத்திரம் பண்டம் எல்லாம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவும். நாள் கணக்கா கேட்டுட்டிருந்த சத்தம் நின்னு தண்ணி சத்தம் மட்டும் கேக்குறப்போ வயித்துல ஒரு மாதிரி பண்ணும்னு அண்ணன் சொல்லுவான்.

அப்புறம் கீழ ஷாஃப்ட்டு (எஞ்சின்லேர்ந்து காத்தாடிக்குப் போற கம்பி) போற வழியில சொட்டுச் சொட்டாத் தண்ணி உள்ள வந்துட்டேதான் இருக்கும், எல்லாப் படகுலயும் உண்டு, பம்பு போட்டு எறைக்கணும். ஒரு ஆளு அதை மறந்தாலோ, மறக்கடிக்கப்பட்டாலோ என்ன ஆகும்னு நீயே எழுதிக்கோ. ஐஸ் அறை இருக்கே, மேல சின்ன வாய், ஒரு ஆளு குனிஞ்சு இறங்குற அளவுதான், உள்ள முட்டி வரைக்கும் ஐஸு, மூடிட்டா வெளிய கத்தினாலும் எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. மீன் அழுகி விஷ வாயு சேந்து, இறங்கினவன் மயங்கி விழுந்து, அவனைத் தூக்க இறங்கினவனும் போய்ச் சேந்த சம்பவம்லாம் நம்ம நாட்டுக் கடலோரத்துல நடந்துருக்கு.

ஆனா எங்க வீட்ல உண்மையாப் பயப்படுறது ஒரே விஷயத்துக்குத்தான். நிறைய படகுல கக்கூஸ் கிடையாது, ராத்திரி எழுந்து பின்பக்கம் ஓரத்துல கயித்தைப் புடிச்சிட்டுத்தான் போகணும். எல்லாரும் தூங்குறாங்க, சுக்கான் புடிக்கிறவரு முன்னாடி பாத்துட்டு இருக்காரு. கால் வழுக்கினா முடிஞ்சுது, கத்துறது யாருக்கும் கேக்காது, படகு பாட்டுக்குப் போயிடும். விடிஞ்சு டீ ஊத்துறப்போதான் ஒரு கிளாஸ் மிச்சமா இருக்குன்னு தெரியும். அதனால எங்க அப்பா டிரைவரா இருந்த வரைக்கும் நடுராத்திரி எழுந்து படுத்திருக்குற ஆளுங்களை டார்ச் அடிச்சு எண்ணிட்டுத்தான் திரும்பப் போவாராம். ஒவ்வொருத்தர் காலையும் தொட்டு.

ஒண்ணு மட்டும் கேட்டுக்குறேன். மீனவன்னா உடனே சாமியாடுறவன், குடிச்சிட்டு கத்துறவன்னு எழுதிடாதீங்க. அணியத்துல, அதான் படகோட முன் மூக்குல, எலுமிச்சம்பழம் வச்சு கற்பூரம் காட்டிட்டுத்தான் கெளம்புவாங்க, அது உண்மை, ஆனா அது பேய்க்காக இல்ல, போயிட்டு நல்லபடியா வரணும்னுதான். 2017 ஒக்கி புயல்ல கன்யாகுமரிப் பக்கம் போனவங்க எத்தனையோ பேர் உடம்பே கெடைக்கல. சட்டப்படி ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லன்னாத்தான் செத்துட்டதா எடுத்துக்குவாங்க, ஒக்கிக்கு அரசாங்கம் அதைத் தளத்தித்தான் சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. கையில பேப்பர் வந்தப்புறமும் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எட்டிப் பாக்குற வீடுங்க இருக்கு. கடல்ல பேய்னு ஒண்ணை எழுதினா அது அந்த மாதிரி திரும்பி வராத ஆளாத்தான் இருக்க முடியும், அவனை அசிங்கமாக் காட்டிடாதீங்க.


மயிலாப்பூர்_மிட்நைட்_ஷோ:

அக்கா அந்த டார்ச் அடிச்சு எண்ணுற விஷயத்தைப் படிச்சதும் எழுந்து உக்காந்துட்டேன். டாக்கீஸ் ப்ரோ, உங்க படம் இதுதான். எண்ணுறப்போ ஒண்ணு குறைஞ்சா என்னன்னு எல்லாருக்கும் புரியும். ஒண்ணு கூட இருந்தா?

இதுக்கு நிஜமாவே ஒரு சம்பவம் இருக்கு. ஜோஷுவா ஸ்லோகம்னு ஒருத்தர், தனியா ஒரே ஆளா பாய்மரப் படகுல உலகத்தைச் சுத்தின முதல் மனுஷன், 1895ல கிளம்பி 1898ல முடிச்சாரு, படகு பேரு ஸ்ப்ரே. அசோர்ஸ் தீவுலேர்ந்து கெளம்பினதும் அங்க குடுத்த பிளம்ஸ் பழமும் வெள்ளைச் சீஸும் சாப்பிட்டு வயித்து வலில உள்ள விழுந்துட்டாரு, வெளிய புயல் மாதிரி காத்து. கொஞ்சம் நினைவு வந்து எட்டிப் பாத்தா உயரமா ஒருத்தன் சுக்கானைப் புடிச்சிட்டு நிக்கிறான். பழைய காலத்து மாலுமி வேஷம். பயப்படாதே, நான் கொலம்பஸோட பின்டா கப்பல் மாலுமி, இன்னிக்கு ராத்திரி உன் படகை நான் ஓட்டுறேன்ங்கிற மாதிரி பேசுறான். காலையில எழுந்து பாத்தா படகு போக வேண்டிய திசையிலயே ராத்திரி முழுக்கப் போயிருக்கு. காய்ச்சல்ல வந்த பிரமைன்னு நாம சொல்லிடலாம், ஸ்லோகம் அதை அவரோட புத்தகத்துல நன்றியோட எழுதியிருக்காரு. பின்னாடி அதே ஸ்ப்ரேல கிளம்பின மனுஷன் திரும்பி வரவே இல்லங்கிறது தனிக் கதை.

பேய் வந்து கொல்லுறதை விட, ஒரு ஆளு கூடுதலா வந்து அமைதியா வேலை செஞ்சுட்டுப் போறது எவ்ளோ உறுத்தும்னு யோசிங்க. சுக்கான் புடிக்கிறான், வலை இழுக்குறான், ஆனா டீ கிளாஸ் கணக்குல அவன் இல்ல.


சாலிகிராமம்_சவுண்டு:

நான் படங்களுக்கு சவுண்டு எஃபெக்ட்ஸ் பண்றேன், அதனால என் ஏரியாவை மட்டும் பேசுறேன். துறைமுகத்துப் பொண்ணு சொன்ன எஞ்சின் மேட்டர் தங்கம். படம் ஆரம்பிச்ச முதல் ஃப்ரேம்லேர்ந்து டீசல் எஞ்சினை அடியில ஓட விடுங்க, ஒரு செகண்டு கூட நிறுத்தாதீங்க, வசனம் பாதி அமுங்கினாலும் பரவால்ல. கொஞ்ச நேரத்துல பாக்குறவங்க காது அதை மறந்துடும். அப்புறம் நீங்க அதை நிறுத்துறப்போ தனியா டமால் சவுண்டு எதுவுமே தேவைப்படாது, தியேட்டர்ல இருக்குறவன் தானா மூச்சை நிறுத்துவான். அதுக்கப்புறம் மெதுவா ஒவ்வொண்ணாக் கொண்டு வாங்க, அடியில தண்ணி மோதுறது, நங்கூரக் கயிறு முறுக்குறப்போ வர்ற அந்த முனகல், ஐஸ் அறைல ஐஸ் சரியுறது. ஐஸ் சரியுற சத்தம் கேட்டிருக்கீங்களா, உள்ள யாரோ திரும்பிப் படுக்குற மாதிரியே இருக்கும்.

மியூசிக் வேணாம். கடைசி டைட்டிலுக்கு வச்சுக்கோங்க.

ஒரு பிராக்டிகல் விஷயம், கிழக்குக் கடற்கரைல வருஷா வருஷம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக் காலம், விசைப்படகு எல்லாம் துறைமுகத்துலதான் நிக்கும். ரிப்பேர், பெயின்ட் வேலை ஓடும், ஆனா ஓனர்கிட்ட கேட்டு கட்டி வச்ச படகுல எடுக்குறதுக்கு அதை விட நல்ல நேரம் கிடையாது. துறைமுகத்துக்குள்ள கேமரா வைக்க அனுமதி வாங்கிடுங்க. எஞ்சின் சத்தத்தை மட்டும் சீசன்ல தனியாப் போய்ப் பதிவு பண்ணிக்கோங்க, எஞ்சின் ரூம்ல ஒண்ணு, ஆளுங்க படுக்குற இடத்துல ஒண்ணு, அணியத்துல ஒண்ணு, மூணும் மூணு விதமா இருக்கும்.


அடையாறு_ஆலமரம்:

எனக்கு இதுல கொஞ்சம் மாறுபட்ட கருத்து இருக்கு. சின்னப் படகை விட ஆள் இல்லாத பெரிய கப்பல்தான் பயம். 1872ல மேரி செலஸ்ட் அட்லாண்டிக்ல ஆளே இல்லாம மிதந்துட்டு இருந்துச்சு, கேப்டன், அவரு பொண்டாட்டி, ரெண்டு வயசுக் குழந்தை, ஏழு மாலுமி, யாருமே கிடைக்கல, ஆனா சரக்கு பெரும்பாலும் அப்படியே இருந்துச்சு, உயிர்காப்புப் படகு மட்டும் காணோம். அந்தக் கப்பலுக்கு முதல்ல வச்ச பேரு அமேசான், பின்னாடி மாத்தினாங்க, கப்பல் பேரை மாத்தினா ஆகாதுன்னு மாலுமிங்க சொல்லுவாங்கல்ல. நம்ம பக்கமே 2011ல பவித்னு ஒரு சின்ன எண்ணெய்க் கப்பலை ஓமன் பக்கத்துல கைவிட்டுட்டு ஆளுங்களைக் காப்பாத்திட்டாங்க, கப்பல் மூழ்கியிருக்கும்னு விட்டுட்டாங்க. அது ஒரு மனுஷனும் இல்லாம அரபிக்கடலைத் தாண்டி மும்பை ஜூஹூ கரைல வந்து நின்னுச்சு. யாரு கண்ணுலயும் படாம. அதே வருஷம் அதே ஜூஹூல விஸ்டம்னு இன்னொரு கப்பலும் ஒதுங்குச்சு, 2020ல விக்கி கௌஷல் நடிச்ச 'பூத்' அதை வச்சு வந்ததுதான்.

நம்ம சென்னைக்கு 2012 அக்டோபர் 31. நிலம் புயல்ல பிரதிபா காவேரிங்கிற கப்பல் தரை தட்டி பெசன்ட் நகர்ப் பக்கம் நின்னுச்சே, நான் மறுநாள் போய்ப் பாத்தேன். கரைலேர்ந்து கூப்பிட்டா கேக்குற தூரம் மாதிரி தெரிஞ்சுது, அவ்ளோ பெரிய இரும்புச் சுவரு, துருப்புடிச்ச தண்ணிக் கோடு, அதுல ஒரு ஆள் நடமாட்டம் கிடையாது. உயிர்காப்புப் படகுல இறங்கினவங்க அலைல கவுந்து சிலர் உயிரே போச்சு, மத்தவங்கள்ல பல பேரைக் காப்பாத்தினது குப்பத்து மீனவங்கதான். மறுநாள் அதே கரைல குடும்பம் குடும்பமா வந்து கப்பல் முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தாங்க, சுண்டல் வித்துச்சு. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. அந்தக் கப்பலை அப்புறம் இழுத்துட்டுப் போயிட்டாங்க. கரைல நின்னு பாக்குற கூட்டத்தோட கண்ணு வழியா ஒரு பேய்ப் படம் யாராவது எடுக்கணும்னு அன்னிலேர்ந்து நினைச்சிட்டு இருக்கேன்.


தண்டையார்பேட்டை_டாக்கீஸ்:

எல்லாருக்கும் மனசார நன்றி. ஆலமரம் சார், உங்க கதை ரொம்ப பெருசு, எங்க பட்ஜெட்டுக்கு அந்தக் கப்பலோட நிழலைக்கூட எடுக்க முடியாது, ஆனா யாராவது எடுக்கணும்ங்கிறதுல எனக்கும் சந்தேகமே இல்ல. மிட்நைட் ஷோ, உங்க ஐடியாவை எடுத்துக்குறேன். ராத்திரி டிரைவர் டார்ச் அடிச்சு எண்ணுறாரு, ஒரு ஆளு அதிகமா வருது, திரும்ப எண்ணுறாரு, சரியா வருது. அதுலேர்ந்து கதையைத் தொடங்குறோம். அந்தக் கூடுதல் ஆளு முன்னாடி இதே படகுலேர்ந்து விழுந்தவன், அவன் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான், வேலை செய்வான், கரைக்கு வரணும்னு நினைக்கிறான், அவ்ளோதான்.

இன்னொரு யோசனையும் இருக்கு. 2019 ஆகஸ்ட்ல பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் அலை நீல நிறமா மின்னுச்சே, நாக்டிலூக்கான்னு ஒரு நுண்ணுயிர், தண்ணி கலங்கினா ஒளிரும். ஆளுங்க எல்லாம் தூங்குறப்போ பின்பக்க ஓரத்துலேர்ந்து சுக்கான் வரைக்கும் ஈரக் காலடி அப்படி மின்னிட்டு மங்கினா எப்படி இருக்கும்?

அக்கா உங்ககிட்ட ரெண்டு கேள்வி. இந்தக் காலத்துல நடக்குற கதைன்னா செல்ஃபோன் சிக்னல் இல்லன்னு சொன்னா போதுமா? அப்புறம், கூடுதலா ஒரு ஆளு இருக்கான்னு டிரைவருக்குத் தெரிஞ்சா நிஜத்துல என்ன பண்ணுவாரு, படகைத் திருப்பிடுவாரா?


துறைமுகத்துப்_பொண்ணு:

காலடி மின்னுறது நல்லாருக்கு தம்பி, வலை தூக்குறப்போ நீலமாச் சொட்டுறதை அண்ணனே பாத்திருக்கான்.

சிக்னல் கதை பத்தாது. செல்லு கொஞ்ச தூரத்துல போயிடும்தான், ஆனா வயர்லெஸ் இருக்கு, பக்கத்துப் படகுங்களோட பேசிட்டேதான் இருப்பாங்க, எங்க மீன் படுது, எவன் வலை கிழிஞ்சுதுன்னு எல்லாம். இப்ப இஸ்ரோ உருவாக்கின ட்ரான்ஸ்பாண்டரும் தமிழ்நாட்டு விசைப்படகுல பொருத்திட்டு வராங்க, படகு எங்க இருக்குன்னு கரைலயே தெரியும், ஆபத்துன்னா தகவல் அனுப்பலாம், அங்கேர்ந்து புயல் எச்சரிக்கையும் வரும். அதை இல்லாத மாதிரி எழுதினா எங்க ஆளுங்க பாத்துட்டு எழுந்து போயிடுவாங்க. அதையே கதைல வச்சுக்கயேன், வயர்லெஸ்ல பக்கத்துப் படகுக்காரரு கூப்பிட்டு, உன் அணியத்துல யாருடா நிக்கிறது இந்நேரத்துலன்னு கேக்குறாருன்னு வையி.

ரெண்டாவது கேள்வியை நேத்து நைட்டே அப்பாகிட்ட கேட்டுட்டேன். திருப்ப மாட்டாராம். டீசலு, ஐஸு, ஆள் கூலின்னு லட்சக்கணக்குல போட்டுட்டுக் கெளம்புறது, பாதியில வந்தா ஓனருக்கும் நஷ்டம், பங்குக்கு வர்ற ஆளுங்களுக்கும் ஒண்ணும் கெடைக்காது. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டாராம், சொன்னா ஆளுங்க கை நடுங்கும், வலை இழுக்குற வின்ச்சு மிஷின்கிட்ட கை நடுங்கினா விரல் போயிடும். மறுநாள் ஒரு கிளாஸ் டீ சேத்து ஊத்தச் சொல்லிட்டு சும்மா இருந்திருப்பேன்னு சொன்னாரு. சொல்லிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, நானும் கேக்கல.

எழுதி முடிச்சதும் எடுத்துட்டு வாங்க, அவருக்குப் படிச்சுக் காட்டலாம். ஞாயித்துக்கிழமைல வாங்க, காலையில மார்க்கெட்டு கூட்டத்துல அவரைப் புடிக்க முடியாது, மூணு மணிக்கு மேல வீட்லதான் இருப்பாரு.